பத்து லட்சத்துக்குள் கார்: எந்த வேரியன்ட், எந்த ஆக்சஸரி, எந்த இன்சூரன்ஸ் ஆட்-ஆன்?

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வாடகை வீடு. கணவன், மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. ஆபீஸ் போய்வர தினமும் 22 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை பழனிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகவேண்டும். கையில் 3 லட்சம் இருக்கிறது, எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குள் முடிக்க ஆசை. ஷோரூமில் சன்ரூஃப் வைத்த 10.4 லட்ச ரூபாய் வண்டியைக் காட்டி, கூடவே 38,000 ரூபாய்க்கு ஆக்சஸரி பேக் போட்டு, ஏழு வருடக் கடனில் "மாசம் கொஞ்சம்தான் சார் கூடும்" என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோலா, சிஎன்ஜியா, டீசலா, மின்சாரமா என்ற குழப்பம் வேறு.

ஷோரூமில் கொட்டேஷன் அடித்துக் கொடுக்கும் மேசையிலும், அப்புறம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் மேசையிலும் உட்கார்ந்தவன் நான். முதல் மேசையில் மக்கள் ஆசைப்பட்டு வாங்குவதும் இரண்டாவது மேசையில் "இது இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே" என்று சொல்வதும் பெரும்பாலும் வேறுவேறாகத்தான் இருக்கும். அதனால் என் கணக்கு இதுதான்: பின்னால் மாட்ட முடியாததற்கு முதலில் பணம் போடுங்கள். ஏர்பேக், பிரேக், கியர்பாக்ஸ், சீட்டின் உயரம், கதவின் அகலம் எல்லாம் வண்டியோடு வருபவை. ஸ்டீரியோ, கேமரா, அலாய் வீல், சீட் கவர் எல்லாம் அடுத்த தீபாவளி போனஸில்கூட வாங்கிக்கொள்ளலாம்.

வண்டிக்குப் போகும் முன் விலை. விளம்பரத்தில் பார்ப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. நீங்கள் கட்டப்போவது ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கக் காரணம் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது 10 லட்சக் கோடு. வருமான வரி மாதிரி கோட்டுக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் இந்த 18 வராது, முழு விலைக்கும் வரும். 9.95 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10.05 லட்ச ரூபாய் வண்டிக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பத்தோராயிரம் வரி வித்தியாசம். போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவரே பிடித்து உங்கள் வருமான வரிக் கணக்கில் கட்டும் தொகை) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும் என்றாலும், டெலிவரி அன்று உங்கள் கையில் இருந்துதான் போகவேண்டும்.

உங்களுக்குக் காட்டிய 10.4 லட்ச வண்டிக்கு வரி மட்டும் 1,87,200. டிசிஎஸ், இன்சூரன்ஸ், அந்த 38,000 பேக் எல்லாம் சேர்த்தால் 13 லட்சத்தைத் தாண்டும். விற்பனையாளர் "டாப் வேரியன்டுக்கு ஒரு லட்சம்தான் கூட" என்று சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, எக்ஸ்-ஷோரூமில் ஒரு லட்சம்தான். ஆனால் 9.4 லட்சத்திலிருந்து 10.4 லட்சத்துக்குத் தாவும்போது வரியும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து கையிலிருந்து போவது 1.75 லட்சம். சன்ரூஃபின் உண்மை விலை அது. கோவை வெயிலில் அதை எத்தனை நாள் திறப்பீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பத்து லட்சம் ஆன்-ரோடு என்றால் எக்ஸ்-ஷோரூம் 8.4 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 13 சதவீத வரி 1,09,200. ஆட்-ஆன்களோடு, அதாவது பாலிசியில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்புகளோடு, இன்சூரன்ஸ் நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். பதிவுக் கட்டணம், கடன் பதிவு, ஃபாஸ்டேக் என்று சில ஆயிரங்கள். கூட்டிப் பாருங்கள், பத்தைத் தொட்டுவிடும். பட்ஜெட் போடும்போது பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல், சிஎன்ஜி கார்களுக்கும், அதே நீளத்தில் 1500 சிசிக்குள் இருக்கும் டீசல் கார்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பெரிய கார்களுக்கு 40. அதனால் முன்பு உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே இருந்த சில நடு வேரியன்ட்கள் இப்போது உள்ளே வந்துவிட்டன.

கடனைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 7 லட்சம், ஐந்து வருடம்: மாதம் சுமார் 14,530, மொத்த வட்டி 1.72 லட்சம். காட்டிய வண்டிக்கு உங்கள் 3 லட்சம் போக 10.2 லட்சம் கடன், ஏழு வருடம்: மாதம் சுமார் 16,410, மொத்த வட்டி 3.58 லட்சம். "மாசம் கொஞ்சம்தான் கூடும்" என்பது சரிதான், மாதம் 1,900 ரூபாய்தான். ஆனால் அது இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக ஓடும், வட்டியும் இரண்டு மடங்கு. ஆக்சஸரி பேக்கும் அதே கடனில் சேர்ந்திருப்பதால் 38,000 ரூபாய்ப் பொருளுக்கு 51,000 கட்டி முடிப்பீர்கள். சீட் கவர் கிழிந்த பிறகும் அதற்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, எரிபொருள். உங்கள் ஓட்டம் மாதம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், வருடம் 12,000.

மின்சார வண்டியை உங்களுக்கு நான் இப்போது சொல்லமாட்டேன். வண்டியில் குறை இல்லை. தினம் 22 கிலோமீட்டருக்கு அது அருமையான வண்டிதான். ஆனால் உங்கள் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து வரும் 15 ஆம்பியர் பிளக் இல்லை, வாடகை வீடு, அசோசியேஷன் சம்மதம் வேண்டும், வீடு மாறினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. வெளிச் சார்ஜரை மட்டும் நம்பி மின்சார வண்டி வாங்கினால் அதன் பெரிய லாபமே போய்விடும். சொந்த வீடும் சொந்த பிளக்கும் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று எடுத்தால் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டருக்கு 285 யூனிட் சேரும். நம் ஊர் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏறும் வகை என்பதால், இந்த யூனிட்டுகள் எல்லாம் உங்கள் பில்லின் உச்சிப் படியில் போய் உட்காரும். வழக்கமான வீட்டுச் செலவின் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போடாமல், மேல் படியின் விலையை வைத்துப் போடுங்கள். அப்படிப் போட்டாலும் பெட்ரோலைவிட மிகக் குறைவாகவே வரும்.

டீசலை மறந்துவிடலாம். இன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6 படி வரும் டீசல் வண்டியில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற பாகம் இருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி நல்ல சூட்டில், நிலையான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவேண்டும். சத்தி ரோட்டு டிராஃபிக்கில் தினம் பதினோரு கிலோமீட்டர் ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. மாதம் இரண்டு பழனிப் பயணம் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் அதற்காக டீசலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

மிச்சம் பெட்ரோலும் சிஎன்ஜியும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 18 கிலோமீட்டர் தருகிறது என்றால் கிலோமீட்டருக்கு 5.55. சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், 25 கிலோமீட்டர் தருகிறது என்றால் 3.60. மிச்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 1.95. கம்பெனி சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதல் விலை 90,000 என்று வைத்தால் அதன் மீதான 13 சதவீத வரியோடு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 52,000 கிலோமீட்டர் ஓடவேண்டும், உங்களுக்கு நாலேகால் வருடம். இந்த எண்களில் அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிஎன்ஜி எடுங்கள் என்பேன். உங்கள் ஓட்டத்துக்கு அது இழுபறி. ஐந்து பேர் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு டிக்கி வேண்டும், பழைய பாணி ஒற்றைச் சிலிண்டர் அதை விழுங்கிவிடும். டாடாவும் ஹூண்டாயும் இரட்டைச் சிலிண்டரைத் தரைக்கடியில் வைத்து டிக்கியைக் காப்பாற்றியிருக்கிறார்கள், சிஎன்ஜிதான் வேண்டும் என்றால் அந்த வகையைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். என் ஓட்டு பெட்ரோலுக்கு.

இப்போது வண்டியின் உடம்பு. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மாவின் முழங்கால்தான், நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு செடான் மாதிரித் தாழ்வான சீட்டில் உட்காருவது கீழே விழுவது போல, எழுந்திருப்பது அதைவிடக் கஷ்டம். பெரிய எஸ்யூவி என்றால் படியேறவேண்டும். நின்றபடியே லேசாகச் சாய்ந்தால் இடுப்பு சீட்டில் படுகிற உயரம்தான் சரி. மாருதி வேகன் ஆர், டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர் மாதிரி நிமிர்ந்த உடம்பு கொண்ட சின்ன வண்டிகளில் இது அமையும். பஞ்சில் கதவு 90 டிகிரி திறக்கும் என்பதும் இந்த இடத்தில் கணக்கில் வரும்.

அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள் என்றும் யோசியுங்கள். பின்சீட்டில் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் என்று நினைத்திருப்பீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சைல்ட் சீட் வைத்ததும் பின்சீட்டின் கணக்கே மாறிவிடும், மிச்ச இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார அம்மாவால் முடியாது. அம்மா முன்சீட்டில், உங்கள் மனைவி பிள்ளைகளோடு பின்னால். இதுதான் நடைமுறைக்கு வரும். அப்படியானால் நீங்கள் பரிசோதிக்க வேண்டியது முன்பக்க இடது கதவு. டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள், அவர் வழக்கமாகக் கட்டும் சேலையிலேயே. கதவைத் திறந்து, முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். கதவுக்கு அடியில் உள்ள விளிம்பில் குதிகால் இடிக்கிறதா, டேஷ்போர்டில் முட்டி படுகிறதா, எழும்போது பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது தடவைதான் முகம் உண்மையைச் சொல்லும். ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து பேரும் உள்ளே, ஏசி ஓடிக்கொண்டு, ஒரு மேம்பாலம் ஏறவேண்டும். விற்பனையாளரோடு தனியாக ஓட்டினால் எந்த 1200 சிசி வண்டியும் பறக்கத்தான் செய்யும்.

வேரியன்ட் எது? கீழ் வேரியன்டும் வேண்டாம், மேல் வேரியன்டும் வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் மாட்ட முடியாதவை எந்த வேரியன்டில் முழுமையாகின்றனவோ அங்கே நில்லுங்கள். ஆறு ஏர்பேக் இப்போது பல சின்ன கார்களிலும் அடிப்படை வேரியன்டிலேயே வந்துவிடுகிறது. எக்ஸ்டர் 2023ல் வந்தபோதே அப்படித்தான் வந்தது, மாருதி 2025ல் வேகன் ஆர், ஆல்டோ கே10, செலேரியோவுக்கும் அப்படியே ஆக்கியது. அதனால் ஏர்பேக் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் அடுத்ததைப் பாருங்கள்: ஈரச் சாலையில் வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி இருக்கிறதா, பின்சீட்டு நடுவிலும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா, சைல்ட் சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, ஓட்டுநர் சீட்டை உயர்த்தித் தாழ்த்த முடியுமா, பின்கண்ணாடிக்கு வைப்பரும் பனிமூட்டத்தை நீக்கும் டிஃபாகரும் உண்டா. மார்கழியிலும் மழையிலும் நிமிர்ந்த பின்பக்கமுள்ள வண்டியில் வைப்பர் இல்லாமல் பின்னால் ஒன்றும் தெரியாது. அதைப் பின்னால் மாட்டுவது வயரிங், கண்ணாடி என்று பெரிய வேலை. இவையெல்லாம் பெரும்பாலும் நடு வேரியன்டில், இல்லையென்றால் அதற்கு ஒரு படி மேலே முடிந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெரிய திரைக்கும் டைமண்ட் கட் அலாய்க்கும் சன்ரூஃபுக்கும் போகிறது.

கியர் விஷயம். சத்தி ரோட்டில் தினம் ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேடிக் ஆடம்பரம் ஆகாது. உங்கள் விலையில் கிடைப்பது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸை ஒரு மோட்டார் மாற்றிக்கொடுக்கும், அவ்வளவுதான். மைலேஜ் குறையாது, விலையும் மற்ற ஆட்டோமேடிக்குகளை விடக் குறைவு. ஆனால் கியர் மாறும்போது தலை ஒரு ஆட்டம் ஆடும், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹில் ஹோல்ட் இல்லாவிட்டால் கொஞ்சம் பின்னால் உருளும். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் எண்ணம் இருந்தால் ஹில் ஹோல்ட் இருக்கிற வேரியன்ட்தான் எடுக்கவேண்டும். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்ட பணத்தில் பாதியை இதில் போட்டால் தினம் உபயோகப்படும்.

ஆக, 8.4 லட்சத்துக்குள் எக்ஸ்டர், பஞ்ச் இரண்டிலும் ஈஎஸ்சி இருக்கும் நடு வேரியன்ட், முடிந்தால் ஏஎம்டி. வேகன் ஆரை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அது நன்றாகப் பொருந்தினால் முதலாவதாக மாற்றுங்கள், மிச்சமாகும் பணம் கடனைக் குறைக்கும். பஞ்சின் தரை இடைவெளி நல்ல உயரம். கிராமத்து வேகத்தடைகளில் ஐந்து பேரோடு அடி தட்டாமல் போக அது உதவும். எக்ஸ்டரின் டிக்கி 391 லிட்டர், பஞ்சில் 366. நான்கு சிலிண்டர் இன்ஜின் என்பதால் எக்ஸ்டர் கொஞ்சம் சத்தமில்லாமல் ஓடும். 2021ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது பஞ்ச். எதில் அம்மா சுலபமாக ஏறுகிறாரோ அது.

இனி அந்த 38,000 ரூபாய் பேக். இந்த மாதிரிப் பட்டியலை ஆயிரக்கணக்கில் நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். 7டி மேட், சீட் கவர், டோர் வைசர், மட் ஃப்ளாப், பாடி கவர், குரோம் பட்டைகள், டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், பர்ஃப்யூம் என்று போகும். ஷோரூமுக்குக் காரில் கிடைக்கும் லாபம் குறைவு, லாபம் இதிலும் இன்சூரன்ஸிலும் கடன் கமிஷனிலும்தான். அதனால்தான் "பேக் எடுத்தால் டெலிவரி சீக்கிரம்" என்பார்கள். கட்டாயம் என்று எதுவும் இல்லை. கொட்டேஷனில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டால் சிரிப்பார்கள், மேனேஜரைக் கேட்டால் நீக்குவார்கள்.

இதில் எடுக்கவேண்டியது மட் ஃப்ளாப்பும் சாதாரண ரப்பர் மேட்டும்தான். 7டி மேட் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் தரையோடு ஒட்டிப் போடுவதால் உள்ளே ஈரம் போனால் காயாது, ஒரு மழைக்காலம் போனால் வாடை வந்துவிடும். ஓட்டுநர் பக்கம் ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட் போடவே கூடாது, ஆக்ஸிலேட்டரில் மாட்டும்.

சீட் கவரில் ஒரு ஆபத்து இருக்கிறது, விற்கிற பலருக்கே தெரியாது. ஆறு ஏர்பேக் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள், எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன லேபிள் தையலில் தொங்கும். மோதலில் அந்தத் தையல் கிழிந்துதான் பை வெளியே வரவேண்டும். அதன் மேல் தடித்த ரெக்சின் கவரை இழுத்துத் தைத்துவிட்டால் பை சரியாக விரியாது. ஆறு ஏர்பேக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டை நாமே கட்டிப்போட்டது போல் ஆகிவிடும். கவர் வேண்டும் என்றால் அந்த ஓரத்தில் திறப்பு விட்டுத் தைத்த, உங்கள் மாடலுக்கென்றே வரும் கவரை வாங்குங்கள். பிள்ளைகள் ஜூஸ் கொட்டுவார்களே என்ற பயத்துக்குப் பின்சீட்டில் மட்டும் துணி விரிப்பு போதும்.

முன்பக்கம் இரும்பு பம்பர் கார்டு மாட்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறானது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகம் சென்சாருக்கு மாறிப் போய்ச் சேர்ந்தால் ஏர்பேக் நேரம் தப்பும். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிமும் அப்படித்தான், 2012ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு செக்போஸ்டில் நின்று வாதாடும் தெம்பு இருப்பவர்கள் மட்டும் ஒட்டலாம். வெயிலுக்குக் கழற்றி மாட்டும் வலைத் திரை போதும்.

பேக்கில் இல்லாததுதான் நீங்கள் வாங்கவேண்டியது: சைல்ட் சீட். அலாய் வீலுக்கு இருபதாயிரம் தயங்காமல் கொடுப்பவர்கள் இதற்கு யோசிப்பார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் என்பது சட்டம். அதைவிட, மடியில் இருக்கும் குழந்தையை மோதலில் யார் கையாலும் பிடித்து வைக்க முடியாது. சின்னவனுக்கு ஐசோஃபிக்ஸ் சீட், பெரியவனுக்கு பெல்ட் கழுத்தில் உரசாத உயரம் வரும்வரை பூஸ்டர். அப்புறம் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் டயர் காற்று பம்ப், சின்ன தீயணைப்பான், டேஷ்கேம். முடிந்தது.

ரிவர்ஸ் கேமராவோ ஸ்டீரியோவோ வெளியே மாட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வயரைக் கட் பண்ணுவீங்களா, கப்ளர் டு கப்ளரா?" (வெட்டாமல் இணைப்பானில் செருகுவதுதான் இரண்டாவது.) வயரை வெட்டி டேப் சுற்றினால் நாளைக்கு எலக்ட்ரிகல் கோளாறு வரும்போது வாரன்டி கிடைக்காது. ஷார்ட் சர்க்யூட் ஆகி எரிந்தால் இன்சூரன்ஸும் சிக்கல் பண்ணும். இரண்டாவது மேசையில் இருந்தபோது இதைத்தான் அடிக்கடி பார்த்தேன்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்று கிடையாது. அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் உள்ள ஐடிவியையும் (வண்டிக்கு இன்சூரன்ஸ் வைக்கும் மதிப்பு) ஆட்-ஆன்களையும் அப்படியே வைத்து வெளியே விலை கேளுங்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் ஷோரூமே இறங்கி வரும். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை அதற்கு 10,640 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று இருந்துவந்தது. இது அரசு நிர்ணயிப்பது, எங்கே போனாலும் ஒன்றுதான். பேரம் பேசும் இடம் சொந்தச் சேதப் பகுதியும் ஆட்-ஆன்களும்.

பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் கட்டாயம் எடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், வண்டி வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தாலும் சரி. இன்றைய சின்ன காரில் முன்பக்கம் பம்பர், கிரில், லைட் என்று எல்லாமே பிளாஸ்டிக். 20,000 ரூபாய்க்குப் பாகம் மாற்றினால் 10,000 உங்கள் கையிலிருந்து. ஜீரோ டெப் இருந்தால் கட்டாயக் கழிவான 1,000 ரூபாயோடு முடியும், சர்வீஸ் சென்டரில் அதை ஃபைல் சார்ஜ் என்பார்கள். பெரும்பாலான பாலிசிகளில் வருடத்துக்கு இத்தனை கிளெய்ம் என்று வரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடவும் வேண்டாம். முதல் வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும், 2,500 ரூபாய்ப் பெயின்டுக்காக அதை இழக்கக்கூடாது.

அடுத்தது இன்ஜின் பாதுகாப்பு. கோவைக்காரரான உங்களுக்கு லங்கா கார்னர் பாலத்தையும் கிக்கானி பள்ளிப் பாலத்தையும் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு மணி நேர மழையில் ரயில் பாலத்தடி குளமாகிவிடும். தண்ணீருக்குள் வண்டி நின்றபின் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசி இதை "நீங்கள் செய்த சேதம்" என்று தள்ளிவிடும். இந்த ஆட்-ஆன் அதற்குத்தான். இது இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் உங்களுக்குத் தேவை, ஏனென்றால் கடன் இருக்கிறது. வண்டி திருட்டுப் போனாலோ முழுதாக நொறுங்கினாலோ சாதாரண பாலிசி ஐடிவியைத்தான் தரும். அது ஷோரூம் விலையிலிருந்து வருடாவருடம் இறங்கும், நீங்கள் கட்டிய லட்ச ரூபாய் ஆயுள் வரி அதில் வராது. இந்த ஆட்-ஆனில் பில் விலையும், பல கம்பெனிகளில் வரியும் சேர்ந்து வரும். முதல் மூன்று வருடம் வைத்திருங்கள்.

ரோட்சைடு உதவியைக் கார் கம்பெனியே முதல் சில வருடங்களுக்குத் தருகிறதா என்று பார்த்துவிட்டு, தந்தால் இன்சூரன்ஸில் நீக்கிவிடுங்கள். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பொருள் திருட்டுப் போனால் என்ற ஆட்-ஆன்கள் வேண்டாம். எலி வயரைக் கடித்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள், சில கம்பெனிகள் அதைத் தனியாக வைத்திருக்கின்றன, அடித்தளப் பார்க்கிங்கில் இது விளையாட்டில்லை. ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால் இங்கே திரும்பக் கட்டத் தேவையில்லை. பயணிகளுக்கான காப்பீடு சில நூறு ரூபாய்தான், ஐந்து பேர் போகும் வண்டிக்கு எடுத்துவிடுங்கள். நீட்டித்த வாரன்டியை ஏஎம்டி எடுத்தால் எடுங்கள், மேனுவல் என்றால் அவசரமில்லை. அடிப்படை வாரன்டி முடிவதற்குள் வாங்கிக்கொள்ளப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிக்கின்றன.

முழுப் பணம் கட்டுவதற்கும் பதிவு செய்வதற்கும் முன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை யார்டுக்கே போய்ப் பகலில் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் அப்புறம் அது உங்கள் வண்டி, கீறலும் உங்களுடையது. சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். ஐந்து டயரிலும், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான், நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அது வண்டியின் மாதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கதவு இடுக்குகளில் பெயின்ட் நிறம் மாறியிருந்தால் யார்டில் இடித்துச் சரிசெய்த வண்டி. டெலிவரி அன்று இனிப்புப் பெட்டியும் ரிப்பனுமாகப் படம் எடுக்கும் அவசரத்தில் பாலிசி நகலை யாரும் படிப்பதில்லை. சாவியை வாங்கும் முன் ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற மூன்று வரியும் அதில் அச்சாகியிருக்கிறதா, சேசிஸ் எண் வண்டியில் உள்ளதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.